விசில் மாஸ்டர் இருசெவிப் பெரும்போர்

கேளுங்கள், காதுடையோரே! காது மந்தமானோரே, பக்கத்தில் இருப்பவரைத் தட்டிக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்! முப்பத்தோராண்டுக் காலம் பள்ளிக்கூட மைதானத்தின் நட்டநடுவே நின்று, கழுத்துக் கயிற்றில் தொங்கிய எவர்சில்வர் விசிலை எடுத்து இதழில் பொருத்தி ஒருமுறை ஊதினால், ஓடுகிறவன் நிற்கவும், நிற்கிறவன் ஓடவும், ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் வளைவு நிமிர்ந்து வரிசையாகவும் செய்ய வல்லவர். அரைக்கால் சட்டையிலும் கம்பீரம் குன்றாதவர். தொந்தியை மார்பென்றே பார்ப்போர் நம்பும்படி நிமிர்ந்து நடக்கும் வித்தகர். ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். மாணவர் பரம்பரையால் விசில் மாஸ்டர் என்று பட்டம் சூட்டப்பெற்ற பெருந்தகை வாழ்க! அவர் செவிகள் இரண்டும் வாழ்க! அச்செவிகளின் வாயிலை அல்லும் பகலும் காத்து நிற்கும் குறும்பித் தேவியும் வாழ்க! இவ்வரலாற்றைச் சொல்லும் தகுதி, வெயிலில் அவர் முன்னால் முட்டி போட்ட எவருக்கும் உண்டு.

அத்தகையவருக்கும் ஒரு பகை வாய்த்தது. அப்பகைவன் வெளியிலிருந்து வரவில்லை. வந்திருந்தால் மைதானத்தை நாலு சுற்று ஓட விட்டிருப்பார். ஓய்வுபெற்ற நாலாம் மாதம், ஒரு நண்பகல் வேளையில், பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரின் செவிகளுக்குள்ளே, ஊதுவார் யாருமின்றி, மூச்சு வாங்காமல், இடைவேளை விடாமல் ஒரு விசில் கிளம்பியது. முதலில் பக்கத்து வீட்டுக் குக்கர் என்று நினைத்து எரிந்து விழுந்தார். பிறகு தெருப் பிள்ளைகள் என்று நினைத்து மாடியேறிப் பார்த்தார். குக்கர் அடங்கியது, தெரு அடங்கியது, விசில் மட்டும் அடங்கவில்லை. தாம் இத்தனை ஆண்டு ஊதியதையெல்லாம் எவனோ உள்ளே சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டு ஒன்றுவிடாமல் திருப்பி ஊதுகிறான் என்பது புரிந்தபோது, வேந்தர் வெலவெலத்துப் போனார்.

ஆயினும் புறமுதுகிடும் ஆளா அவர்? சத்தத்தைச் சத்தத்தால் வெல்வேன் என்று சூளுரைத்துத் தொலைக்காட்சியின் ஒலியை நாற்பதில் நிறுத்தினார். துணைப்படையாக ரேடியோவை ஏவினார். அதுவும் போதாதென்று சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனை நிற்காமல் ஓடவிட்டார். எட்டு மாதம் நீடித்த இக்கூட்டுப் படையெடுப்பில் பகைவனுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. விழுந்த அடியெல்லாம் அதே வீட்டில் குடியிருந்த அவர் மனைவிக்குத்தான். பொறுமைக் கடல், சொல்வேல் வல்லாள், விசில் மாஸ்டரின் விசிலுக்கு உலகிலேயே அசையாத ஒரே ஜீவனாகிய அப்பெருந்தேவி, அன்று காலை ஜிப் வைத்த நீலப் பை ஒன்றைக் கூடத்தில் கொண்டுவந்து வைத்து, ரேடியோவை மீறிய குரலில் இவ்வாறு பிரகடனம் செய்தாள்:

"இன்னிக்கு அந்தக் காது கிளினிக்குல ஒரு வழி பண்ணிக் குடுத்தாங்கன்னா சரி. இல்லேன்னா அங்கேருந்தே நாலரை பஸ்ஸைப் பிடிச்சு எங்கக்கா வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் அந்த டிவியே உங்களுக்குச் சமைச்சுப் போடட்டும்!"

மாஸ்டர் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். பிறகு பைக்குள் எட்டிப் பார்த்தார். துணிமணி பத்து நாளைக்கானது, அது பரவாயில்லை. ஆனால் பிரஷர் மாத்திரை மூன்று முழு அட்டைகள் இருந்தன. மூன்று அட்டை என்றால் ஒரு மாதம். முப்பத்தெட்டு ஆண்டுத் தாம்பத்தியத்தில் அவள் இதுவரை அரை அட்டைக்கு மேல் எடுத்துக்கொண்டு எங்கும் போனதில்லை. மாவீரர் சிரிப்பை நிறுத்தி, தாமே போய் ரேடியோவை அணைத்தார்.

இங்ஙனம், பிற்பகல் மூன்று மணிக்கு, பையோடு தேவியைக் காத்திருப்போர் நாற்காலியில் அமர்த்திவிட்டு, மாஸ்டர் போர்க்களம் புகுந்தார். களத்தை ஆண்டவர் ஓர் ஆடியாலஜிஸ்ட் மேடம். காவிய வசதிக்காக இனி இவரைச் செவியரசி என்போம். மூக்கின் நுனிக்கு இறங்கிய கண்ணாடியும், மதியம் சாப்பிட நேரமில்லாத முகமும், எத்தனை கோபக்காரக் காதையும் ஒரே பார்வையில் எடைபோடும் அனுபவமும் கொண்டவர். அவர் மாஸ்டரைச் சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய, கனத்த கதவுள்ள, ஒலி புகாத சின்ன அறையில் உட்காரவைத்து, தலையில் ஹெட்ஃபோனை மாட்டிக் கதவைச் சாத்தினார். ஊர்ச்சத்தம் முழுவதும் வாசலோடு நின்றுவிட, உள்ளே மாஸ்டரும் விசிலும் மட்டும் தனித்து விடப்பட்டார்கள். அவ்வளவு நெருக்கத்தில் அவனை அவர் கேட்டதே இல்லை.

கண்ணாடிச் சன்னலுக்கு வெளியிலிருந்து செவியரசி இரண்டிரண்டு ஒலிகளாக ஏவினார். இரண்டில் எது உள்ளிருக்கும் விசிலுக்கு நெருக்கம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் கேள்வி. ஆனால் கேட்கப்பட்டவர் யார்? முப்பத்தோராண்டு நடுவர்! முதலிணை வந்தது. "ரெண்டும் ஃபவுல்!" என்று முழங்கினார். இரண்டாம் இணை வந்தது. "ஒண்ணு அவுட், இன்னொண்ணு ஆட்டத்துலயே இல்ல!" பதினோராவது இணையில் பொறுமை முற்றாக வற்றிப் போய், எவரும் எதிர்பாரா வேளையில், சட்டைப்பையிலிருந்து தமது பழைய எவர்சில்வர் விசிலை உருவி, "இதோ, இதுதான்!" என்று கூவி, மைக்குக்கு நேரே நெஞ்சாரக் காற்றிழுத்து ஊதினார் அவ்வண்ணல்.

அந்தோ! அறைக்குள் பேசுவதைக் கேட்பதற்காகச் செவியரசியின் காதிலும் ஒரு ஹெட்ஃபோன் இருந்தது. இடியேறு கேட்ட நாகம் என்று பாடலாம். உண்மையில் அவர் நாற்காலியோடு ஓரடி பின்னுக்கு உருண்டு போய் அலமாரியில் மோதி நின்றார். ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தார். கதவைத் திறந்தார். கையை நீட்டினார்.

"சார், அதை இங்க குடுங்க. என்னையும் உங்க பக்கத்துல பேஷன்ட்டா உக்கார வச்சிடாதீங்க."

பல்லாயிரம் மாணவரிடம் பம்பரமும் கோலியும் பறித்த கை, அன்று தன் விசிலைப் பறிகொடுத்துத் தலைகுனிந்தது. அந்த வெட்கத்தில் வேந்தர் ஒழுங்காகப் பதில் சொல்லத் தொடங்கினார். நாலாயிரம் ஹெர்ட்ஸ் என்ற இடத்தில் பகைவன் பிடிபட்டான்.

பின்பு ஆயுதம் தரிக்கும் படலம். காதுக்குப் பின்னால் உட்காரும் பாக்கு அளவுக் கருவி இரண்டு, ஒவ்வொன்றிலிருந்தும் மயிரிழை போன்ற ஒரு கம்பி, கம்பி நுனியில் காதுத் துளைக்குள் போகும் ரப்பர் மொட்டு. வலக்காதுக்குச் சிவப்புப் புள்ளி, இடக்காதுக்கு நீலப் புள்ளி. மொட்டு உள்ளே போனதும் மாஸ்டர் இருமினார். எடுத்தால் நின்றது, வைத்தால் மறுபடி இருமல். காதைத் தொட்டால் தொண்டை ஏன் கோபித்துக்கொள்கிறது என்று அவர் குமுற, "சிலருக்கு அப்படித்தான் சார், அங்க ஒரே நரம்பு" என்று செவியரசி சின்ன மொட்டாக மாற்றினார். இருமல் படை பின்வாங்கியது.

அதன்பின் கருவிக்குள் எந்தச் சத்தத்தை நிரப்புவது என்ற ஆலோசனை. முதலில் மழைச் சத்தம் வந்தது. சோவென்று அருமையான மழை. முகம் மலர்ந்த மாஸ்டர், இரண்டாவது நிமிடம் கழிப்பறை எங்கே என்று கேட்டார். திரும்பி வந்ததும் அருவி வந்தது. மறுபடி போனார். கடல் அலை என்று செவியரசி வாயெடுக்கும்போதே, அறுபது தாண்டிய அந்த உடற்கட்டின் அந்தரங்கம் அறிந்த மாவீரர் இருகரம் கூப்பித் தடுத்தாட்கொண்டார். கடைசியில் தண்ணீர் சம்பந்தமே இல்லாத, சும்மா உஸ்ஸென்று ஓடும் ஒரு வெறும் இரைச்சல் அவருடைய படையாக அமைந்தது.

இனித்தான் இப்போரின் இழுபறி. கருவியில் இருந்த சின்னப் பொத்தானைக் காட்டி, சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் சொல்லிக்கொடுத்த செவியரசி, சத்தத்தை மூன்றில் வைத்தார்.

"சார், இது விசிலைக் கொல்றதுக்கு இல்ல. விசிலும் கேக்கணும், இந்த உஸ்ஸும் கேக்கணும். உஸ்ஸு ஒரு படி கீழயே இருக்கட்டும். ரெண்டும் கலந்து கேக்கக் கேக்க, உங்க மூளை விசிலைக் கவனிக்கறதைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுடும். மூணைத் தாண்டாதீங்க."

"அப்போ டிராவா?" என்றார் மாஸ்டர், கெட்ட வார்த்தை பேசுகிறவர்போல.

சமநிலை என்பது அவர் அகராதியில் கிடையாது. கயிறிழுக்கும் போட்டியில் இரு அணியும் அங்குலம் அசையாமல் நின்ற ஒரு விளையாட்டு விழாவில், சமம் என்று அறிவிக்கச் சொன்ன தலைமையாசிரியரைப் பார்வையாலேயே உட்காரவைத்து, கயிறு அறுந்து இருபது பேரும் மல்லாந்து விழும்வரை ஊதிக்கொண்டே இருந்தவர் அவர். இப்பேர்ப்பட்டவரா பகைவனுக்குப் பக்கத்தில் பாய் விரித்துக் கொடுப்பார்? சார்ஜர் பெட்டி எடுத்துவரச் செவியரசி உள்ளறைக்குப் போனதுதான் தாமதம், வேந்தரின் ஆட்காட்டி விரல் எழுந்தது. நான்கு! உஸ்ஸென்றது. ஐந்து! ஓவென்றது. ஆறு, ஏழு, எட்டு! ஆயிரம் தார்ச்சாலை இயந்திரங்கள் ஒருசேரச் சீறியது போன்ற பேரிரைச்சல் இருசெவியிலும் புகுந்து பரந்து பெருக, எட்டு மாதம் கோலோச்சிய விசில் இருந்த இடம் தெரியாமல் அழிந்தது! கண்ணில் நீர் தளும்பியது அவருக்கு. மார்பை விரித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"ஒழிஞ்சான்! விசில்காரன் ஒழிஞ்சான்!" என்று அவர் முழங்கிய முழக்கத்தில் காத்திருந்த எழுவரும் திடுக்கிட்டார்கள், அவர்களில் மூவர் காது கேட்கவில்லை என்று வந்தவர்கள். நாலு மணி ஐந்து நிமிடம். நாற்காலியிலிருந்து மனைவி நிமிர்ந்து பார்த்தாள். எட்டு மாதமாகச் சுருங்கிக் கிடந்த அந்த நெற்றி விரிந்திருப்பதைக் கண்டு அவள் முகத்தின் இறுக்கமும் தளர்ந்தது. ஏதோ சொன்னாள்.

"என்ன?" என்றார் மாஸ்டர்.

மறுபடி சொன்னாள். உதடு அசைவது தெரிந்தது. சொல் ஒன்றும் வந்து சேரவில்லை. "என்ன? சத்தமா சொல்லு!" மூன்றாம் முறையும் சொன்னாள். அவர் காதருகே கையைக் குவித்தார். நீலப் பையைத் தோளில் மாட்டினாள், கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

பகையற்ற அக்களத்தில், உஸ்ஸென்ற வெற்றிக் கடலின் நடுவில், மாஸ்டர் தன்னந்தனியாக நின்றார். இத்தனை நாளும் விசிலோடு விசிலாக அவள் குரலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. திட்டியது கேட்டது, சாப்பிடக் கூப்பிட்டது கேட்டது. இப்போது அதையும் சேர்த்தல்லவா வெட்டிச் சாய்த்துவிட்டார்? வாழ்நாளில் முதல்முறையாக, ஆட்டத்தை ஜெயித்த கணத்திலேயே அவருக்கு அழுகை வந்தது. சார்ஜர் பெட்டியோடு வந்த செவியரசி அவர் முகத்தைப் பார்த்தார், காதைப் பார்த்தார், உள்ளங்கையைக் கவிழ்த்துக் கீழே, கீழே என்று சைகை காட்டினார். மைதானத்துச் சைகை மாஸ்டருக்குப் புரியாதா?

ஏழு. ஆறு. சுவர்க் கடிகாரம் கேட்டது. ஐந்து. டோக்கன் எண்ணை யாரோ கூப்பிட்டார்கள். நான்கு. விரல் அங்கே நின்றது. அடுத்த படியில் அவன் இருக்கிறான் என்று அவருக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். மூன்று. வந்தான் விசில்காரன், அதே உயரம், அதே குரல், கொஞ்சமும் இளைக்கவில்லை. ஆனால் இப்போது அவன் பக்கத்தில் உஸ்ஸென்று ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான்.

உடனே, முப்பத்தோராண்டு பிறரை ஓடவிட்ட அவ்வேந்தர் தாமே ஓடினார். தொந்தி தொந்தியாகவே குலுங்க, படிகளை இரண்டிரண்டாகத் தாவி, குறுக்கே வந்த ஸ்ட்ரெச்சரைச் சுற்றி, மூச்சு இரைக்க வாசல் கேட்டை அடைந்தார். அவள் கேட்டோரம் நின்று, வண்டி எதுவும் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போகாதே!" என்று அவர் கூவிய கூவலில் முழக்கம் பாதியும் இரைப்பு பாதியும் இருந்தன. "விசில் போகலை. அது இருக்கு, இருந்துட்டுப் போகட்டும். நீ பேசறது கேக்குது. உள்ள என்னமோ சொன்னியே, அது என்ன? எனக்குக் கேக்கவே இல்லம்மா. சத்தத்தை நான்தான் ஏத்தி வச்சிருந்தேன். தப்பு என்னுது."

தப்பு என்னுது! எத்திசையும் கேட்டிராத அம்மொழி கேட்டு எண்டிசையும் அதிர்ந்திருக்க வேண்டும். தெருவில் ஒரு லாரி போயிற்று. தேவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். பையைத் தோளிலிருந்து இறக்கி அவர் கையில் கொடுத்தாள்.

"கிச்சன் குழாய் ஒழுகுது, போற வழியில ஒரு வாஷர் வாங்கணும்னு சொன்னேன்."

வாஷர் வாங்கிக்கொண்டு இருவரும் வீட்டுக்குப் போனார்கள்.