கால்மாட்டுப் பெட்டி

எங்கள் ஊரில் ஒரு பெண் எதையாவது கொஞ்சம் அழகாகச் செய்துவிட்டால் போதும், யாராவது வந்து, "இத வித்தா என்ன?" என்று கேட்டுவிடுவார்கள். கேட்டவர் நிம்மதியாகத் தன் வீட்டுக்குப் போய் மீன் பொரித்துச் சாப்பிடுவார். "ஓம், வித்தா என்ன" என்று யோசித்தவள்தான் பிறகு கல்முனைச் சந்தைக்கு முகத்தை மூடிக்கொண்டு போகவேண்டி வரும். நான் இன்றைக்கும் அப்படித்தான் போகிறேன். (மார்க்கப் பற்று என்று நினைக்கிறார்கள். நானும் மறுப்பதில்லை.)

பட்டப்படிப்பை முடித்துவிட்டு அரசாங்க நியமனத்துக்குக் காத்திருந்த காலம் அது. காத்திருக்கிறவளுக்குக் கை சும்மா இருக்காது. பழைய கதிரை மேசைகளுக்குப் பெயின்ட் அடித்து அழகாக்கும் வீடியோக்களைப் போனில் பார்த்துப் பார்த்து நானும் தொடங்கினேன். முதலில் குசினி முக்காலி. பிறகு இழுத்துத் திறக்கும் லாச்சி வைத்த மேசை. பிறகு தேங்காய் திருவும் திருவலை. திருவலைக்கு ரோஸ் நிறம் அடித்ததில் ஒரு கிழமையாக எங்கள் வீட்டுச் சம்பலில் பெயின்ட் வாசம் அடித்தது. என் கணவர் ஒரு வாய் வைத்துவிட்டு, "இண்டைக்கு எத்தின கோட் அடிச்ச?" என்று கேட்டார்.

அவர் ஒரு கந்தோரில் கிளாக்கர். தங்கமான மனிதர். குறை என்று சொன்னால் ஒன்றுதான்: ஒருவர் என்ன கேட்கிறார் என்று விளங்குவதற்கு முன்பே பதில் சொல்லிவிடுவார். இந்தக் குறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் தொழில் செத்தது அதனால்தான்.

"வித்தா என்ன" என்று என்னைக் கேட்டது மதினி, அதாவது என் கணவர் ராத்தா என்று கூப்பிடும் அவருடைய அக்கா. அவருடைய மகள் நஸ்ரினுக்குக் கலியாணம் சரிவந்திருந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுப்போம், மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வருவார். ஆகவே மாப்பிள்ளையின் கண்ணுக்கு அறை நன்றாகப் பட வேண்டும்.

"மாப்புளக்கு அறுகம்பேயில ஹோட்டல் வேல" என்றார் மதினி. "அங்க கட்டில்ர கால்மாட்டுல ஒரு பெட்டி வெச்சிரிப்பாங்களாம். மேல குந்தவும் ஏலும், உள்ளுக்குப் பெட்சீற் வெக்கவும் ஏலும். நஸ்ரின்ட அறைக்கும் அப்பிடி ஒண்டு செஞ்சு தா புள்ள. ஊடு பாக்க வாறவங்க பாத்து வாயப் பொளக்கணும். மறுகா பொத்துவிலுக்கே நீதான் செஞ்சு குடுப்ப."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றைக்கே என் தொழிலுக்கு 'வர்ணக் கூடு' என்று பெயர் வைத்து, போனில் ஒரு பக்கமும் திறந்தேன். இது சரிவந்தால் நியமனம் வருமா வராதா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. "உன்ட படிப்பு என்னாச்சு?" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லத் தேவையில்லை. உண்மையில் அந்தப் பெட்டிக்குள் நான் வைத்தது பெட்சீற்றை அல்ல, என் மானத்தை.

நற்பிட்டிமுனையில் மரவேலை செய்யும் ஓர் ஓடாவியிடம் அளவு கொடுத்தேன். கட்டில் ஆறடி அகலம், ஆகவே பெட்டியும் ஆறடி நீளம். வீடியோவில் பார்த்த பெட்டிக்கு இரண்டு பக்கமும் போர்வை தொங்கவிட நீளக் கட்டைகள் இருந்தன. எனக்கும் அப்படியே வேண்டும் என்றேன். பார்க்க எடுப்பாக இருக்கட்டும் என்று கட்டைகளை இரண்டு தலைப்பிலும் ஒரு முழம் வெளியே நீட்டவும் சொன்னேன். ஓடாவி என்னை ஒருதரம் பார்த்தார். "இது ஊட்டுக்குத்தானே?" என்று கேட்டார். "ஓம், புது மாப்புளட அறைக்கு" என்றேன். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு பலகை எடுக்கப் போனார்.

வீடியோவில் இருந்தது வெளிறிய பச்சை. எங்கள் ஹார்ட்வெயார் கடையில் இருந்தது ஒரேயொரு பச்சை. "எல்லாப் பள்ளிக்கும் இதத்தான் குடுக்கிறம், கழராது" என்றார் கடைக்காரர். பள்ளிவாசலுக்கே நல்லதென்றால் நஸ்ரினுக்கு நல்லதில்லையா என்று வாங்கி வந்தேன். பெட்டிக்கும் கட்டைகளுக்கும் முழுக்கப் பச்சை அடித்து, ஓரத்தைச் சுற்றி வெள்ளையில் ஒரு பூங்கொடி வரைந்தேன். என் கை நடுக்கத்தில் கொடி வளைந்து வளைந்து, மொட்டெல்லாம் புள்ளி புள்ளியாகப் போனது. தூரத்தில் நின்று பார்த்தால் யாரோ அறபியில் எழுதியது போலிருந்தது. அதுவும் ஓர் அழகுதான் என்று நினைத்தேன்.

இதை வாசிக்கும் எங்கள் ஆட்கள் இந்நேரம் தலையில் கை வைத்திருப்பார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மௌத்தானவர்களின் உடலை, அதாவது மையத்தை, அடக்கக் கொண்டுபோக ஒவ்வொரு பள்ளிவாசலிலும் நீளமாக ஒரு பெட்டி இருக்கும். பெரும்பாலும் பச்சைதான். தோளில் தூக்க இரண்டு பக்கமும் கட்டைகள் இருக்கும். சந்தூக்கு என்போம். சின்ன வயதிலிருந்து நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் மூக்கு முட்டும் தூரத்தில் குந்தியிருந்து பூ வரைந்தவளுக்கு அது கடைசிவரை கால்மாட்டுப் பெட்டியாகத்தான் தெரிந்தது.

மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வருகிற நாளும் வந்தது. கடற்காற்றுக்குப் பெயின்ட் இன்னும் காயவில்லை. பெட்டியை ஒரு சின்ன லொறியில் ஏற்றிக்கொண்டு போனால், மதினி வீட்டுக்குப் போகும் ஒழுங்கையை வடிகானுக்கு வெட்டிப் போட்டிருக்கிறார்கள். லொறி உள்ளே போகாது. பின்னேரம் அசர் தொழுகை முடிகிற நேரம். என் கணவர் பள்ளிவாசலடிக்குப் போய், தெரிந்தவர்கள் மூன்று பேரைக் கூட்டி வந்தார். நாலு பேரும் வெள்ளைச் சாரன், வெள்ளைச் சட்டை, தலையில் தொப்பி.

"பெட்டியில கை படப்படா. கட்டையில புடிச்சுத் தோளுல வெச்சு, கதைக்காம மெதுவா நடங்க" என்று என் வாயாலேயே சொன்னேன்.

(தூக்கியவர்களுக்கு விளங்கவில்லையா என்று கேட்பீர்கள். விளங்கியதாம். கிளாக்கரின் மனைவியிடம் இதை எப்படிச் சொல்வது என்று பேசாமல் இருந்தார்களாம். மரியாதை தெரிந்தவர்களால் வருகிற அழிவே வேறு.)

பெட்டி முன்னே போனது. தூக்கும்போது யாரோ கொடியில் பெருவிரலை வைத்துவிட்டதால், நான் கறுப்பு அபாயாவோடு தலையைக் குனிந்து அழுதுகொண்டே பின்னே போனேன். தையல் கடையில் மெசின் சத்தம் நின்றது. சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி, பையிலிருந்து தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு கடையின் கதவு பாதி இறங்கியது. கடைசி ஊர்வலத்தில் ஜனாஸாவுக்குத் தோள் கொடுப்பது எங்களுக்குப் பெரிய நன்மை. ஒருவர் ஓடிவந்து என் கணவரின் தோளிலிருந்து கட்டையை வாங்கிக்கொண்டார்.

"ஆரு தம்பி?" என்று கேட்டார்.

பெட்டி யாருக்கு என்று கேட்கிறாராக்கும் என்று நினைத்து, "ராத்தாட மகள், நஸ்ரின்" என்றார் என் கணவர்.

"கலியாணம் பேசியிருந்த புள்ளயா?"

"ஓம், வாற வெள்ளி."

அவர் கண்ணைத் துடைத்தார். ஒரு தளபாடத்துக்கு ஊரில் இவ்வளவு பாசமா என்று என் கணவர் அதிசயப்பட்டுக்கொண்டே நடந்தாராம்.

எனக்கு இது எதுவும் தெரியாது. ஒரு பெரியவர் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "மகள், பொம்புளயள் மையத்துக்குப் பின்னால வாறல்ல. ஊட்டுக்குப் போங்க."

மையத்து என்ற சொல் காதில் விழுந்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். ஒழுங்கை நிறையத் தொப்பிகள். தொப்பிகளுக்கு மேலே என் 'வர்ணக் கூடு' மிதந்து போய்க்கொண்டிருந்தது. அல்லாஹ்வே, சந்தூக்கு.

"உள்ளுக்கு ஒண்டுமில்ல, வெறும் பெட்டி" என்று கத்தினேன்.

"ஓம் மகள்" என்றார் அவர். "எல்லாரும் ஒண்டுமில்லாமத்தான் போவம். பொறுமையா இரிங்க."

மதினி வீட்டில் மாப்பிள்ளையின் உம்மா அப்போதுதான் வந்து உட்கார்ந்திருக்கிறார். நஸ்ரின் தேத்தண்ணித் தட்டோடு முன்னால் நிற்கிறாள். அந்த நேரம் பார்த்து அந்த அம்மாவுக்குப் போன். "உங்கட மருமகள் மௌத்தாம், மையத்து வருகுதாம்." அவர் போனையும் நஸ்ரினையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கேற்றுக்குள் பெட்டி நுழைந்தது. "இன்னா லில்லாஹி" என்று அவர் சொன்னது எனக்குத் தெருவில் கேட்டது.

பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கும் மரைக்கார் ஒருவர் முன்னுக்கு வந்து, "எத்தின மணிக்கு அடக்கம்?" என்று கேட்டார்.

நஸ்ரின்தான் தட்டோடு வாசலுக்கு வந்தாள். "நான்தான் நஸ்ரின்" என்றாள். கூட்டம் ஓரடி பின்னுக்குப் போனது. பெட்டியை இறக்கினார்கள். தோள் கொடுத்த அத்தனை பேரின் வெள்ளைச் சட்டையிலும் பச்சைப் பட்டை.

மாப்பிள்ளையின் உம்மா எழும்பினார். "இந்தப் பெட்டி இரிக்கிற ஊட்டுக்கு என்ட புள்ள வராது" என்றார். மதினி என்னைப் பார்த்தார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன், அவர் ஏசவில்லை. அந்த இடத்திலேயே நான் மௌத்தாகியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். பெட்டியும் தயாராக இருந்தது.

அந்த மரைக்கார் குனிந்து பெட்டியைத் தட்டிப் பார்த்தார். உள்ளே கையை விட்டுப் பார்த்தார். "பலக நல்ல பலக" என்றார். "நம்மட பள்ளி சந்தூக்குக்கு அடிப்பலக உக்கிப் போய்க் கிடக்கு. வந்தது வந்திட்டு. புள்ளட பேரால பள்ளிக்குக் குடுத்திருங்களன்."

பள்ளிவாசலுக்குக் கொடுப்பதை வேண்டாம் என்று எந்தச் சம்பந்தி சொல்வார்? மாப்பிள்ளையின் உம்மா முந்தானையைச் சரிசெய்தார். பிறகு, "அது நன்மதான்" என்று உட்கார்ந்தார். பெட்டி திரும்பவும் தோளில் ஏறி, வந்த வழியே போனது. இந்த முறை நான் பின்னால் போகவில்லை. வெள்ளிக்கிழமை கலியாணமும் நடந்தது. நஸ்ரினின் கட்டில் கால்மாடு இன்றுவரை வெறுமையாகத்தான் கிடக்கிறது.

வர்ணக் கூட்டுக்கு அதன் பிறகு ஒரேயொரு அழைப்பு வந்தது. பொத்துவிலிலிருந்து. செத்த உயிர் திரும்பி வந்ததுபோல், "கால்மாட்டுப் பெட்டியா?" என்று கேட்டேன். "இல்ல, எங்கட பள்ளிக்கு" என்றார்கள். போனை வைத்துவிட்டு அழுத அழுகையில் மிச்சப் பச்சைப் பெயின்டும் டின்னிலேயே காய்ந்து கட்டியாகிவிட்டது. நியமனம் பிறகு வந்தது. இப்போது நான் கரும்பலகையில் மட்டும்தான் எழுதுகிறேன்.

போன வருடம் என் கணவரின் வாப்பா மௌத்தானார். ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். மாமா என் பெட்டியில்தான் போனார். பச்சை ஓரிடத்திலும் கழரவில்லை, கடைக்காரர் பொய் சொல்லவில்லை. கொடியில் அந்தப் பெருவிரல் அடையாளம்கூட அப்படியே இருந்தது. அந்த அழுகைக்குள்ளும் ஒரு தரம் எனக்குப் பெருமையாக இருந்தது. இதை யாரிடம் சொல்ல முடியும்?

நஸ்ரினை எங்கள் குடும்பத்தில் இன்னும் 'மௌத்தாகி எழும்பின புள்ள' என்றுதான் சொல்வோம். என் கணவரோ, நான் எதற்காவது சண்டை பிடிக்கத் தொடங்கினால் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, எப்போதும் ஒன்றையே சொல்வார்.

"கொஞ்சம் பொறு புள்ள. எப்பிடியும் நான் உன்ட பெட்டியிலதான் போகணும். பெயின்ட் காஞ்சிட்டுதானே?"