அறுபத்திரண்டு டிகிரி வீரர்

பூமியைக் காப்பாற்றுவது என்று டெல்மார் ஹாகன் முடிவு செய்துவிட்டார். சோபாவை விட்டு அதிகம் எழுந்திருக்காமல் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

அமெரிக்காவின் வட எல்லையோரக் குளிர் நகரமான டூலூத்தில் அது ஜனவரி மாதம். தேவாலயத்தில் ஆண்களுக்கான காலைச் சிற்றுண்டிக் கூட்டத்துக்கு ஒருவர் வந்து, பழைய வீடுகள் சூட்டுக்காக எரிவாயுவை எப்படிக் குடிக்கின்றன என்று பேசிவிட்டுப் போயிருந்தார். அதிலிருந்து டெல்மாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்த வேகத்தில் மனைவி மார்லிஸிடம் சொன்னார்.

"ரொம்ப நல்லது. முதல்ல பரணைக் காலி பண்ணு. அங்க இன்சுலேஷன் பஞ்சு நிரப்பினாப் போதும். இந்த வீட்டுச் சூடெல்லாம் கூரை வழியாத்தான் ஓடுது. நானும் வருஷக்கணக்கா சொல்றேன்."

பரண் என்றதும் டெல்மார் பேச்சை மாற்றினார். அவருடைய சொர்க்கமே அங்கேதான் இருந்தது. வேட்டைக்குப் போகும்போது ஏரியில் மிதக்கவிடும் மரவாத்துகள், ஓடாத படகு மோட்டார்கள், என்றாவது உதவும் என்று சேர்த்துவைத்த மற்ற எல்லாமும். ஒருமுறை கீழே இறக்கினால் மார்லிஸ் அவற்றை மறுபடி மேலே ஏறவிட மாட்டாள். குப்பை வண்டிதான் கதி. அதனால் பரணைத் தொடாமல் பூமியைக் காப்பாற்றும் வழியை அவர் கண்டுபிடித்தார்.

மறுநாள் பூட்டுப் போட்ட, உள்ளே தெரிகிற ஒரு பிளாஸ்டிக் பெட்டி வாங்கிவந்து, ஹீட்டரைக் கட்டுப்படுத்தும் சுவர் தெர்மோஸ்டாட்டின் மேல் பொருத்தினார். உள்ளே காற்றுப் போக மட்டும் துளைகள். வெப்பத்தை அறுபத்திரண்டில் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அது ஃபாரன்ஹீட் கணக்கு. வீட்டுக்குள்ளேயே ஸ்வெட்டரும் கம்பளிக் காலுறையும் கேட்கும் குளிர்.

"குளிருங்கிறது மனசுல இருக்கு, மார்லிஸ்," என்றார்.

"எனக்குக் காலுல இருக்கு," என்றாள் அவள்.

அதற்கு மேல் அவள் சண்டை போடவில்லை. அப்போதே டெல்மார் உஷாராகியிருக்க வேண்டும். மாறாக, பெட்டி பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அவள் அதை மூட ஒரு துணித் தொங்கல் தைத்துப் போட்டபோது நெகிழ்ந்தே போனார். மேலே தடிமனான பை, கீழே டிகிரி எண்ணைப் பார்க்கத் தூக்கிக்கொள்ளும் மடிப்பு. மடிப்பில் ஒரு வாத்து உருவம்கூடத் தைத்திருந்தாள்.

அடுத்த வாரமே அதிசயம் நடந்தது. டெல்மாருக்குக் குளிரவில்லை. ஸ்வெட்டரைக் கழற்றினார். காலுறையைக் கழற்றினார். மடிப்பைத் தூக்கிப் பார்த்தால் அறுபத்திரண்டு. உடம்பு பழகிவிட்டது என்று எடுத்துக்கொண்டார். அடுத்த வீட்டு வெர்ன் வந்து உட்கார்ந்து, "யோவ், உன் வீட்டுல எனக்கு வேர்க்குதுய்யா," என்றபோது பெருமை பிடிபடவில்லை. அவனைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் எண்ணைக் காட்டினார். தேவாலயத்தில் காப்பி குடிக்கும் நேரத்தில் மார்லிஸே போதகர் கிரெட்சனிடம் கணவர் புகழ் பாடினாள். ஞாயிறு மதியம் சாப்பிட வாங்க, நேரிலேயே பாருங்க என்றும் அழைத்துவிட்டாள். போதகரோடு வெர்னும் இன்னும் சிலரும் வருவதாக ஏற்பாடு.

அந்த ஞாயிறு காலை மூக்கு சில்லிட்டு டெல்மார் விழித்துக்கொண்டார். வீடு பனிக்கட்டியாக இருந்தது. ஓடிப்போய் மடிப்பைத் தூக்கினார். அறுபத்திரண்டு. நேற்றும் அதே அறுபத்திரண்டுதான். இன்றைய அறுபத்திரண்டு மட்டும் ஏன் பல்லைக் கிடுகிடுக்க வைக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை.

மார்லிஸ் கோட்டு போட்டுக்கொண்டு சமையல் செய்துகொண்டிருந்தாள்.

"நேத்து வரைக்கும் பட்டாணி இருந்துது," என்றாள்.

"என்ன பட்டாணி?"

"ஃப்ரீசர் பட்டாணி. அந்தத் துணிப் பைக்குள்ள வச்சிருந்தேன். மேலேருந்து ஜில்லுன்னு இறங்கினா, வீடே உறைஞ்சுபோச்சுன்னு தெர்மோஸ்டாட் நெனச்சுக்கும். ஹீட்டர் ஓடிக்கிட்டே இருக்கும். ரெண்டு பாக்கெட். ஒண்ணு வேலைக்குப் போனா, இன்னொண்ணு ஃப்ரீசர்ல ஓய்வு."

டெல்மார் ஓடிப்போய்த் துணிப் பைக்குள் கையை விட்டுப் பார்த்தார்; காலி. பிறகு மெதுவாக, "இப்ப அது எங்க?" என்று கேட்டார்.

"ஓவன்ல வேகுது. டூனா மீனும் பட்டாணியும் போட்டு ஹாட்டிஷ் பண்றேன். விருந்தாளி வர்றாங்கல்ல?"

டெல்மாருக்கு முழி பிதுங்கியது. சாவி கழுத்தில்தான் இருந்தது. ஆனால் எண்ணை ஏற்றினால் வருகிறவர்கள் பார்த்துவிடுவார்கள். ஏற்றாவிட்டால் கோட்டைக் கழற்றாமல் நடுங்கியபடி சாப்பிடுவார்கள். எப்படியும் மானம் போகும். அவர் ரொட்டி வாங்கிய பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். பனியை அள்ளி நிரப்பி முடிந்து, வாத்துக்கு மேலே இருந்த பைக்குள் தன் கையாலேயே செருகினார். அடித்தளத்தில் ஹீட்டர் உறுமிக்கொண்டு எழுந்தது. பூமியிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

மதியத்துக்குள் வீடு கதகதப்பாகிவிட்டது. வந்தவர்கள் கோட்டைக் கழற்றினார்கள், வரிசையாக நின்று எண்ணைப் பார்த்தார்கள், நம்ப முடியாமல் மறுபடியும் பார்த்தார்கள்.

"உண்மையைச் சொல்லுங்க டெல்மார், இது எப்படி?" என்று கேட்டார் போதகர்.

டெல்மார் கழுத்துச் சாவியைப் பிடித்துக்கொண்டார். கெஞ்சுகிற கண்ணோடு மார்லிஸைப் பார்த்தார்.

அவள் ஹாட்டிஷை மேசையில் இறக்கி வைத்தாள். "அவர் தன் வாயால சொல்லிக்க மாட்டார். பரணைச் சுத்தமாக் காலி பண்ணி, பூராவும் பஞ்சு நிரப்பிட்டார். அதுதான் ரகசியம்."

"அடடே, அதைப் பார்க்கணுமே," என்று போதகர் எழுந்தேவிட்டார்.

"இன்னைக்கு வேண்டாம், ஒரே தூசி. அடுத்த ஞாயிறு சபையில எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. அவரே ஏணி போட்டு ஏத்திக் காட்டுவார். இல்லையா டெல்மார்?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். துணிப் பையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தரையில் விழுந்தது.

"கண்டிப்பா வாங்க," என்றார் டெல்மார்.

அறையே கைதட்டியது. ஹாட்டிஷ் மணத்தது, வீடு இதமாக இருந்தது, வெர்ன்கூட முதுகில் தட்டிப் பாராட்டினான். இத்தனைக்கும் நடுவில் டெல்மாருக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது. மார்லிஸ் அவர் தட்டில் மட்டும் இரண்டு கரண்டி கூடுதலாகப் போட்டு, காதோரம் குனிந்தாள்.

"நல்லா சாப்பிடு. நாளைக்கு நிறைய இறக்கணும்."