நான்கு கால் கல்

காலையில் சுவர் வெடிப்புக்குள் அடைத்த சீமெந்து நடுப்பகல் லுஹர் பாங்கோடு பொத்தென்று விழுந்தது. பின்னேரம் அசறுக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள்.

றிஸ்னா சுவரைப் பார்த்தாள். சுனாமியில் கடல் விட்டுவைத்த பழைய சுவரும், கடல் வந்துபோன பிறகு தனியாளாய் நின்று அவள் கட்டிய புதுச் சுவரும் சேரும் இடம் அது. ஒவ்வொரு மாரிக்கும் வாய் திறக்கும். கல்முனையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவான்; ஆகவே வருகிறவர்கள் பெண்ணுக்கு முன்னால் வீட்டைப் பார்ப்பார்கள். போன முறை வந்தவர்கள் இந்த வெடிப்பைக் கண்டுவிட்டுத் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் எழும்பிப் போனார்கள். இந்த மாப்பிள்ளையை மகள் ஸம்றாவுக்குப் பிடித்திருந்தது. றிஸ்னா விடுவதாக இல்லை.

சந்திப் பழைய இரும்புக் கடையில், உடைந்த மின்விசிறிகளுக்குப் பின்னால் ஒரு பெரிய படம் கிடந்தது. வயல், குளம், நடுவில் நேரே பார்க்கும் ஓர் எருமை.

"எறியத்தான் வெச்சிரிக்கன் ராத்தா. கொண்டுபோங்க," என்றான் கடைக்காரன். "கண்ணாடியக் கழட்டி எடுத்திட்டன். மறுகா அதுல என்ன இரிக்கி?"

படம் வெடிப்பை அளவெடுத்தாற்போல் மறைத்தது. அந்த நேரம் பார்த்துத் தம்பி மிஹ்லார் வந்தான்.

"ராத்தா, உசிருள்ளதுட படத்த வீட்டுக்குள்ள கொழுவினா வானத்து மலக்குமார் வரமாட்டாங்க."

"முதல்ல மாப்பிள்ள வீட்டார் வரட்டும்டா."

"அதத்தான் சொல்றன். மாப்பிள்ளட வாப்பா அச்சிமுகம்மது ஹாஜியார் லேசுப்பட்ட ஆளில்ல. எருமையக் கண்டா வாசலோட திரும்பிருவார்."

வாசல் கேற்றுக்கு அடித்து மிஞ்சிய கறுப்புப் பெயின்ற் இருந்தது. றிஸ்னா எருமையின் கண்களை மட்டும் மூடினாள். கண்ணில்லாத எருமை முன்பைவிடக் கோபமாக இருந்தது. தலையை மூடினாள். தலையில்லாத எருமையைப் பார்க்க அவளுக்கே பயமாக இருந்தது. உடம்பையும் மூடினாள்.

"என்ன உம்மா இது?" என்றாள் ஸம்றா.

"கல்லு."

"கல்லுக்கு நாலு கால் இரிக்கி. வாலும் இரிக்கி."

கால்களை மூடுவதற்குள் வாசலில் வேன் ஹோன் அடித்தது.

ஹாஜியார் குசினி அடுப்பைப் பார்க்கவில்லை, கிணற்றைப் பார்க்கவில்லை. ஸலாம் சொல்லி உள்ளே வந்தவர் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். அவர் மனைவி சல்மா உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

"இந்தப் படம் ஆர் கீறின?" என்றார் ஹாஜியார்.

"கொழும்புல ஒரு பெரிய ஆள், ஹாஜியார்," என்று றிஸ்னாவின் வாய் தானாகச் சொன்னது.

"பேர்?"

"அவ்வளவு பெரிய ஆக்கள் பேர் போடமாட்டாங்களாம்."

"நல்லாக் கீறுவாரோ?"

"அவரப்போல கீற இனி ஒராள் பொறந்துதான் வரணும்."

ஹாஜியார் கல்லைத் தொட்டார். விரல் கறுப்பானது. வெள்ளை லேஞ்சியில் துடைத்துக்கொண்டு, "வெளிச்சத்துல பாக்கணும்," என்று படத்தைக் கழற்றி முற்றத்துக்குக் கொண்டுபோனார். மிஹ்லார் ஒரே பாய்ச்சலில் போய் வெடிப்பில் முதுகை ஒட்டிக்கொண்டான்.

"இருங்களன் தம்பி," என்றார் சல்மா உம்மா.

"இல்ல மாமி, எனக்கு நிண்டுதான் பழக்கம்."

வட்டிலப்பத்தையும் சுவரோடு சாய்ந்தபடியே தின்றான்.

ஹாஜியார் திரும்பி வந்தார். "தள்ளுங்க தம்பி. இதக் கொழுவணும்."

"நான் கொழுவுறன் ஹாஜியார்..."

"தள்ளுங்க."

மிஹ்லார் தள்ளி நின்றான். கூரையிலிருந்து தரை வரைக்கும் வெடிப்பு. அதன் வழியே கடற்காற்று உள்ளே வந்தது. திரைக்குப் பின்னால் ஸம்றா வளையல்களை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஹாஜியார் வெடிப்பைப் பார்க்கவே இல்லை. "இந்தக் கல்லு முதல்ல எருமதானே?"

இனி எதை மறைப்பது? "ஓம் ஹாஜியார். நான்தான் பெயின்ற் பூசின."

"நல்ல வேல செஞ்சீங்க. அந்த எருமதான் படத்தக் கெடுத்துக்கொண்டு கிடந்த." படத்தை ஆணியில் மாட்டி, இரண்டு எட்டுப் பின்னால் போய்ப் பார்த்து, மறுபடி வந்து சரிவை நிமிர்த்தினார். "சுவரப் பொறகு பாக்கலாம். படத்த மட்டும் கழட்டிராதீங்க. கலியாணத்துக்கு நாளப் பாருங்க."

திரைக்குப் பின்னால் வளையல்கள் குலுங்கின. மிஹ்லார் அன்றைக்கு முதல்தடவையாக உட்கார்ந்தான். அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டு குசினிக்குள் ஓடிய றிஸ்னாவின் பின்னாலேயே சல்மா உம்மாவும் வந்து, அதுவரை அடக்கிவைத்த சிரிப்பை விட்டார்.

"கொழும்புல ஒரு பெரிய ஆளுமில்ல புள்ள. அது இவர் கீறின படம்; எரும என்னையே பாத்துக்கொண்டு நிக்கிதெண்டு போன நோம்புக்கு நான்தான் வெளிய எறிஞ்ச!"