சர்வேயருக்காகக் கழுவிவிட்ட வீடு

ரெண்டு ஊர் விதியையும் கரைத்துக் குடித்தவன் ஒரு ஊரிலும் உருப்பட மாட்டான். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வீடு கட்டித் தெரிந்துகொண்டேன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது? சொல்லித் தொலைக்கிறேன்.

நான் அறந்தாங்கியிலும் என் சகலை முருகேசன் புதுக்கோட்டையிலும் ஒரே சமயத்தில் வீடு கட்ட ஆரம்பித்தோம். என் மனை கண்மாய்க்குக் கீழே. அவனுடையது ஒரு குளத்துக்குப் பக்கத்தில். அவன் பிளான் அப்ரூவல் வாங்கியதோடு சும்மா இருந்தான். நான் சும்மா இருப்பேனா? ஒரு நோட்டு வாங்கி, நடுவில் கோடு போட்டு, இங்கிட்டு அறந்தாங்கி, அங்கிட்டு புதுக்கோட்டை என்று எழுதி, ரெண்டு பேர் காகிதங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். (யாரும் கேட்கவில்லை. அதுதான் என் வியாதி.)

சகலையின் காகிதத்தில், தரை ரோட்டைவிட மூன்றடி உயரமாக இருக்க வேண்டும் என்று இருந்தது. வீட்டைச் சுற்றி விட வேண்டிய இடம் கொஞ்சம்தான். என் காகிதத்தில் உயரம் பற்றிப் பேச்சே இல்லை; ஆனால் பின்னால் தண்ணீர் போவதற்குத் தாராளமாக இடம் விடச் சொல்லியிருந்தது. ரெண்டிலும் தப்பில்லை, அந்தந்த மனைக்கு அது அது சரி. நான்தான் ரெண்டிலும் சுலபமானதைப் பொறுக்கினேன். உயரத்துக்கு அறந்தாங்கி, இடத்துக்குப் புதுக்கோட்டை. விதியும் என்னைப் போலவே பஸ் ஏறி ஊர் மாறும் என்று நினைப்பு.

"பின்னாடி தண்ணி போக வழி வேணுமேண்ணே" என்றார் கொத்தனார். நோட்டை விரித்துக் காட்டினேன். மனுஷன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சகலை வீட்டுக்கு ஆறு படி ஏற வேண்டும். "என்ன சகல, வீடு கட்டுறியா, மலைக்கோயில் கட்டுறியா?" என்று கிரகப்பிரவேசத்தன்று நாலு பேர் முன்னால் கேட்டேன். "மூட்டு வலி வரும், வேற என்ன சகல" என்று சிரித்தான். இன்று நினைத்தாலும் கூசுகிறது.

என் மனைவி செல்வி ஜாக்கெட் தைப்பாள். முன்னறையில் மோட்டார் வைத்த ரெண்டு மிஷின். அந்த மிஷின்களையும் சேர்த்துத்தான் வீட்டுக்கு இன்சூரன்ஸ் போடச் சொன்னாள். வீட்டில் அவள் சொல்லி நான் கேட்ட ஒரே விஷயம் அது. அதையும் நானே கெடுத்தேன்.

அந்தக் கார்த்திகையில் கண்மாய் நிரம்பி வழிந்தது. பின்பக்கம் போக வழியில்லாத தண்ணீர் என்ன செய்யும்? வீட்டுக்குள்ளே வந்தது. மத்தியானத்துக்குள் இடுப்பளவு. மிஷின் ரெண்டும் மூழ்கின. தை மாதக் கல்யாணங்களுக்குத் தைத்து வைத்த ஜாக்கெட்டெல்லாம் சேறு. தண்ணீர் வடிந்ததும் செல்வி அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதாள்.  அப்போதும் என் வாய் சும்மா இருந்ததா? "அதான் இன்சூரன்ஸ் இருக்குல்ல, புது மிஷினே வாங்கிரலாம்" என்றேன்.

ஏஜென்ட் போனில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "கம்பெனி சர்வேயர் வந்து சேதத்தப் பாக்குற வரைக்கும் எதையும் தொடாதீங்க." ரெண்டு நாள் பக்கத்துத் தெருவில் தங்கிக்கொண்டு, ஒரு கரண்டியைக்கூடத் தொடாமல் காவல் காத்தோம். மூன்றாம் நாள் சாயங்காலம் சர்வேயரே கூப்பிட்டார்: "நாளைக்குக் காலையில வாரேன் சார்."

வாரேன் என்று ஒரு ஆள் சொல்லிவிட்டால் நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. அவ்வளவு பெரிய ஆபீசர், சேற்றிலா உட்காருவார்? ஒரு நாற்காலியை மட்டும் கழுவினேன். அதைப் போட ஒரு சதுரம் தரையைக் கழுவினேன். அந்தச் சதுரம் மட்டும் பளிச்சென்று இருந்தது அசிங்கமாகப் பட்டது. அறை முழுக்கக் கழுவினேன். இப்போது சுவரில் தண்ணீர் நின்ற கோடு கண்ணை உறுத்தியது.

"ஏங்க, அந்தக் கோட்டையுமா அழிக்கப் போறீங்க?" என்றாள் செல்வி.

"அவரு அனுபவஸ்தர், செல்வி. பாத்த ஒடனே கண்டுபிடிச்சிருவாரு."

மிச்சமிருந்த ஒயிட் சிமெண்ட் அடித்தாயிற்று. மிஷின்களைத் துடைத்து எண்ணெய் போட்டேன். கைப்பழக்கம், சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டேன்.

காலையில் வந்த சர்வேயர் வாசலில் நின்று முகவரியை ரெண்டு தடவை பார்த்தார்.

"வெள்ளம் வந்த வீடு இதுதானா?"

"இதேதான் சார். மொதல்ல காபி சாப்பிடுங்க."

"போட்டோ எடுத்தீங்களா?"

எடுத்திருந்தேன். கழுவிய பிறகு.

அவர் மிஷினைத் தட்டிப் பார்த்தார். "மோட்டார் ஓடல, சரி. ஆனா தண்ணிலதான் போச்சுன்னு நான் எப்படி எழுதுறது?" பாவம், நல்ல மனுஷன். ஏதாவது செய்ய முடியுமா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, "தரை ஏன் இவ்வளவு தாழ்வா இருக்கு?" என்றார்.

பேசாமல் இருந்திருக்கலாம். செல்வி கண்ணாலேயே கெஞ்சினாள். ஆனால் குறை சொன்னது என் நோட்டையல்லவா! ஓடிப்போய் எடுத்து வந்தேன். (அது மட்டும் நனையாமல் லாஃப்டில் பத்திரமாக இருந்தது.) ரெண்டு ஊரையும் வரிவரியாக விளக்கிவிட்டு, "புதுக்கோட்டையில அந்த எடத்துக்கு ஒசரம் வேணும் சார். எங்க தெருவுக்கு எதுக்கு? இங்கதான் தண்ணியே வராதே!" என்றேன்.

 சர்வேயர் என்னைப் பார்த்தார், செல்வியைப் பார்த்தார், பேனாவை மூடினார்.

"தவளை தன் வாயால கெடும்பாங்க. இன்னைக்குத்தான் நேர்ல பாக்குறேன்" என்றாள் செல்வி.

சேதத்துக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. செல்வி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பழைய மிதி மிஷின் ஒன்றை இரவல் வாங்கி, கால் வீங்க வீங்க அந்தத் தை மாத ஜாக்கெட்டுகளை மறுபடி தைத்துக் கொடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஹூக் தைக்கும் வேலையை நானாகவே எடுத்துக்கொண்டேன். இன்றைக்கும் எங்கள் தெருவில் பாதிப் பேருடைய ஜாக்கெட்டில் இருப்பது நான் தைத்த ஹூக்தான். வெளியில் சொல்லிக்கொள்ள முடியாத பெருமை.

யார் வீட்டுக்கு நாங்கள் போனாலும், தரை கொஞ்சம் பளபளத்தால் போதும், "என்ன, சர்வேயர் வாராரா?" என்று சொந்தக்காரர்கள் ஆரம்பித்துவிடுவார்கள். போன மழைக்குத் தண்ணீர் வாசல் வரை வந்தது. பதறியடித்து ஓடினேன். உள்ளேயிருந்து என் மகள் கத்தினாள்:

"அம்மா, மிஷின அப்புறம் தூக்கிக்கலாம். மொதல்ல அப்பா கையில இருக்குற வெளக்கமாத்தப் பிடுங்கு!"