கும்பிடுபூச்சியின் தவக்காலம்

வயிறு நிறைந்திருக்கும் நேரத்தில் பங்கிராஸ் எதையும் துறக்கத் தயங்கமாட்டார். தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முந்தின ராத்திரி, நாட்டுக்கோழிக் குழம்பை வழித்து நக்கிவிட்டு, "இந்தத் தவக்காலம் முழுக்க நான் கவுச்சி தொடமாட்டேன்" என்று அறிவித்தார். மனைவி அருளம்மாள் கேட்டுக்கொண்டு சும்மா போயிருக்கலாம். போகவில்லை. "அதை மாதா படத்துக்கு முன்னாடி நின்னு சொல்லுங்க" என்றாள். நின்றார். சொன்னார். ஏப்பமும் விட்டார்.

பக்கத்து வீட்டு ஆண்டியப்பன் தன் பேரனுக்குக் காதுகுத்த அப்போது நாள் பார்த்திருக்கவில்லை.

பிறகு பார்த்தார். தவக்காலத்தின் நட்டநடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கெடா வெட்டு. கொழுத்த கறுப்புக் கெடா ஒன்று வந்து, சுவருக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தில் கட்டப்பட்டது. பங்கிராஸ் தினமும் காலையில் பலா இலை ஒடித்துச் சுவரைத் தாண்டிப் போட்டார். பார்த்தவர்கள் அவருடைய ஜீவகாருண்யத்தை மெச்சினார்கள். அவர் தொடைக்கறியை மெச்சிக்கொண்டிருந்தார்.

பங்கிராஸ் அன்னவாசலில் பத்திரம் எழுதுகிறவர். அவர் எழுதின பத்திரத்தில் ஓட்டை கண்டுபிடிக்கும் வக்கீல் இனிமேல்தான் பிறக்க வேண்டும் என்பது அவருடைய சொந்த அபிப்பிராயம். அந்தத் தைரியத்தில் மனைவியிடம் பேச்சுக் கொடுத்தார்.

"அருளு, தவக்காலத்துல ஞாயித்துக்கிழமை கணக்குலயே வராது, தெரியுமா? சாமியாரே சொல்லியிருக்காரு."

"ஒங்ககிட்டச் சொன்னாரா?"

"பொதுவாச் சொன்னாரு."

"மாதா முன்னாடி நீங்க என்ன சொன்னீங்க? தவக்காலம் முழுக்கன்னு சொன்னீங்களா, ஞாயித்துக்கிழமை நீங்கலான்னு சொன்னீங்களா?"

நீங்கலாக. ஆயிரம் பத்திரத்தில் எழுதின வார்த்தை. சொந்த வாக்குறுதியில் விட்டுப்போய்விட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிலுவைப்பாதை முடிந்து திரும்பியவர் கொல்லைப்பக்கம் போய் நின்றார். அருளம்மாள் அங்கே பழைய பெயின்ட் வாளிகளில் கத்தரியும் கறிவேப்பிலையும் வளர்க்கிறாள். கறிவேப்பிலைச் செடியில் ஒரு கும்பிடுபூச்சி உட்கார்ந்திருந்தது. பச்சை நிறம். முக்கோண முகம். முன்னங்கை இரண்டையும் கூப்பிக்கொண்டு, கோயிலில் திவ்ய நன்மை அப்பம் வாங்க வரிசையில் நிற்கிற மாதிரி ஒரு பக்தி. பங்கிராஸ் நகர்ந்தார். அதுவும் கழுத்தைத் திருப்பி அவரையே பார்த்தது. அந்தச் சமயம் ஒரு ஈ வந்தது. கூப்பின கை விரிந்தது தெரியவில்லை. மறுபடி மூடினபோது ஈ உள்ளே இருந்தது. பூச்சி அதைத் தலையிலிருந்து தொடங்கி நிதானமாக, எலும்பு கடிக்கிற சுகத்தோடு தின்றது.

பங்கிராஸுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வழி பிறந்துவிட்டது.

"அருளு! இங்கிட்டு வா. இதைப் பாரு. படைப்புலயே பக்தியான பூச்சி. பொழுதன்னைக்கும் செபம். வெள்ளிக்கிழமை, அதுவும் தவக்காலத்துல, கறி திங்குது. ஆண்டவர் ஏதாச்சும் சொன்னாரா?"

"அது செபம் பண்ணலங்க. ஈக்கு வலை விரிச்சுருக்கு."

"மனசுல என்ன இருக்குன்னு ஒனக்கு எப்படித் தெரியும்? ஒரு விசயம் தெரியுமா, இதுல பொம்பளப் பூச்சி புருசன் தலையவே தின்னுருமாம். போன்ல போட்டிருக்கான்."

"ஒரே வாயிலயா? பாவம், அதுக்குப் பொறுமை இல்ல போல" என்றாள் அருளம்மாள்.

பங்கிராஸ் அதைக் காதில் வாங்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு பத்திரக் குரலில் ஆரம்பித்தார். "ஒரு பேச்சுக்கு வருவோம். ஒரு கும்பிடுபூச்சியப் புடிச்சு வைப்போம். ஞாயித்துக்கிழமை பந்தி முடியிற வரைக்கும் அது என்ன செய்யுதோ, கூட்டாம குறைக்காம அதையே நானும் செய்வேன். அது நோன்பு இருந்தா நானும் இருப்பேன். தின்னா நானும் திம்பேன். இதுல பேச்சு மாற எனக்கும் உரிமையில்ல, ஒனக்கும் உரிமையில்ல. சம்மதமா?"

அருளம்மாள் கொஞ்சம் யோசித்தாள். அல்லது யோசிக்கிற மாதிரி நின்றாள். "மாதா மேல சத்தியமா?"

"மாதா மேல சத்தியமா."

ஜெயித்துவிட்ட பூரிப்பில் பங்கிராஸுக்குப் பெருந்தன்மை பொங்கியது. "பின்னால நான் ஏமாத்திட்டேன்னு சொல்லக் கூடாது. பூச்சிய நீயே பாத்துப் புடி."

அருளம்மாள் செடி செடியாகப் பார்த்தாள். ஈயைத் தின்றதைத் தொடவில்லை. துருதுருவென்று ஓடினதையும் விட்டாள். கத்தரி இலைக்கு அடியில் அசையாமல் இருந்த, முதுகு லேசாக உப்பின ஒன்றை எடுத்து இன்னொரு வாளியிலிருந்த கறிவேப்பிலைச் செடியில் விட்டு, செடியைச் சுற்றிப் பழைய கொசுவலையைக் கட்டினாள். 'போயும் போயும் ஒரு மந்தமான பூச்சியைப் பிடித்திருக்கிறாளே' என்று பங்கிராஸ் உள்ளுக்குள் சிரித்தார். வலைக்குள் ஈக்களை விட்டார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லை முழுக்கத் துள்ளி வெட்டுக்கிளிகளும் பிடித்துப் போட்டார். ஆண்டியப்பன் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே, குதிக்கிறீங்க?"

"விருந்து ஏற்பாடுப்பா."

சனிக்கிழமை விடிந்தது. பூச்சி தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஈ ஒன்று அதன் மூஞ்சியிலேயே நடந்து போனது. பூச்சி கண்டுகொள்ளவில்லை. பங்கிராஸ் பதறிப்போய் உள்ளே வந்தார். அருளம்மாள் முறுகலாகத் தோசை வார்த்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கு?"

"பூச்சி சாப்பிட்டுச்சா?"

"இல்ல..."

"அப்புறம்?"

"அருளு, நான் சொன்னது கறிய."

"கூட்டாம குறைக்காமன்னு சொன்னது யாரு? நல்லவேளை, அது தலைகீழாத் தொங்குறத நான் கேக்கல."

பங்கிராஸ் தன் வாழ்க்கையில் முதல்முறையாகத் தன்னுடைய பத்திரம் ஒன்றை எதிர்த்தரப்பில் உட்கார்ந்து படித்தார். ஓட்டையே இல்லை. பத்து மணிக்கு மேல், பார்க்கப் பாவமாக இருந்ததால், அருளம்மாள் மனமிரங்கி ஒரு செம்பு நீராகாரம் கொடுத்தாள்.

மத்தியானம் கொல்லையிலிருந்து ஒரு கூச்சல் வந்தது. "அருளு! பூச்சி செத்துப்போச்சு!" குரலில் துக்கம் துளியும் இல்லை. கிளையில் அதே பூச்சி, கால், கை, மீசை எல்லாம் அப்படியே, வெளுத்துச் சுருங்கித் தொங்கியது. "ஒரு தரப்பு காலமாயிட்டதால ஒப்பந்தம் ரத்து. சோத்தப் போடு!"

அருளம்மாள் வந்து பார்த்தாள். "அது செய்யுறத அப்படியே செய்வீங்கன்னீங்க. செத்தா என்ன செய்யுறதா உத்தேசம்?"

அவள் வலைக்கு வெளியிலிருந்தே ஒரு இலையைத் தள்ளிக் காட்டினாள். பின்னால் பூச்சி இருந்தது. முன்னைவிடப் பெரிதாக, புதுப் பச்சையில், முதுகில் புது இறக்கையோடு, கையைக் கூப்பிக்கொண்டு.

"சட்டை உரிச்சிருக்குங்க. நீங்க பாத்தது வெறும் சட்டை." சொல்லிவிட்டு உள்ளே போனாள். போகிறபோது சாயங்காலக் கஞ்சிக்கு ஊறுகாய் உண்டு என்று சலுகை அறிவித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்தால், தெருவே மணக்கிறது. பட்டை, சோம்பு, அம்மியில் அரைத்த மிளகாய், அதற்கெல்லாம் மேலே அந்தக் கெடா. தான் போட்ட பலா இலை வீண்போகவில்லை என்று பங்கிராஸுக்கு மூக்கே சொன்னது. கொசுவலைக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தார். முதல் பந்தி முடிந்தது. பூச்சி சும்மா இருந்தது. இரண்டாம் பந்தி முடிந்தது. பூச்சி கையைத் துடைத்துக்கொண்டது. "தின்னுத் தொலையேன். ஒன் காலுல விழறேன்" என்று கெஞ்சினார். அதற்குக் கால் அதிகம் என்பதால் எதில் விழுவது என்று தெரியவில்லை.

"பங்கிராசண்ணே!" சுவருக்கு மேல் ஆண்டியப்பன் தலை. "கடைசிப் பந்திண்ணே! ஒங்களுக்குன்னு நல்லி எடுத்து வச்சுருக்கேன். வாங்க!"

அந்த நேரத்தில்தான் வெட்டுக்கிளி ஒன்று பூச்சிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. பூச்சி கழுத்தைத் திருப்பியது. லேசாக ஆடியது. படார்! பிடித்துவிட்டது. கடித்துவிட்டது.

"திங்குது! அருளு, திங்குது! பந்தி இன்னும் முடியல! ஆண்டியப்பா, எலையப் போடு, வாரேன்!"

அருளம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தாள். குனிந்து பார்த்தாள். "ஆமாங்க, திங்குது."

"நேத்தெல்லாம் ஏன் பட்டினி கெடந்துச்சாம், களவாணிப் பூச்சி?"

"முதுகு உப்பியிருந்தா சட்டை உரிக்கப் போவுதுன்னு அர்த்தம். உரிக்கிறதுக்கு முன்னாலயும் எரை எடுக்காது, உரிச்சு ஒரு நாளைக்கும் எடுக்காது. வருசா வருசம் தண்ணி ஊத்துற எனக்குத் தெரியாதா?"

பங்கிராஸுக்குச் சுருக்கென்றது. தெரிந்தே பிடித்திருக்கிறாள். ஆனாலும் என்ன, நல்லி காத்திருக்கிறது. "போவுது போ, மன்னிச்சேன். அது தின்னாச்சு. கூட்டாம குறைக்காம நானும் திங்கப் போறேன்." செருப்பை மாட்டினார்.

"தாராளமாத் தின்னுங்க. யாரு வேணாங்கிறா?" அருளம்மாள் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு வாழை இலையை எடுத்து முக்காலியில் விரித்தாள். தண்ணீர் தெளித்தாள். வலைக்குள் கையை விட்டு, அவரே குதித்துக் குதித்துப் பிடித்த வெட்டுக்கிளிகளில் கொழுத்ததாக ஒன்றைப் பிடித்து, காலைப் பிடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு கேட்டாள்: "அது தலையிலேர்ந்து ஆரம்பிக்குது. ஒங்களுக்கும் அப்படித்தானே?"

சுவருக்கு அந்தப் பக்கம் எலும்பு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. வெட்டுக்கிளி உதைத்துக்கொண்டது. பங்கிராஸ் மனைவியைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், வெட்டுக்கிளியைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, மெதுவாக இரண்டு கையையும் தூக்கிக் கூப்பினார்.

"ஆங்! இப்பத்தாங்க அச்சு அசலா அது மாதிரியே இருக்கீங்க" என்றாள் அருளம்மாள்.