கேள்வி மட்டும் கேட்பவர்

"அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று மேனேஜர் ஐந்தாவது தடவையாகச் சொன்னதும் ஸ்டோர்காரர் தன் அறைக்குத் திரும்பினார். லிஃப்ட் ரிப்பேர் கம்பெனியின் உதிரிபாக அறையில் பதினான்கு வருஷம். எந்த போல்ட் எந்த டப்பாவில் என்பது அவர் மண்டைக்குள் மட்டும்தான். சூப்பர்வைசர் பதவி கேட்டால், "நீங்க மேல போயிட்டா இதையெல்லாம் யார் பார்க்கிறது?" என்று அந்த மண்டையையே காரணம் காட்டினார்கள்.

மனைவியோ இந்த வருஷம் அவர் சூப்பர்வைசர்தான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். தங்கை வீட்டில் எந்த முகத்தோடு போய் நிற்பது என்று ஒரு மூச்சு அழுதுவிட்டு, ஒரு கோச்சின் விலாசத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். அவரவர் இலக்கை அவரவர் அடைய உதவுகிறவராம்.

மாடியில் ஓர் அறை. இரண்டு நாற்காலி, ஒரு தடி நோட்டு. கோச் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

"நான் யோசனை எதுவும் சொல்ல மாட்டேன். கேள்வி மட்டும்தான் கேப்பேன். பதில் உங்களுக்குள்ளயே இருக்கு" என்றார்.

இங்கேதான் வந்தது வினை. நம் ஸ்டோர்காரருக்குக் கேள்வி என்றாலே உத்தரவு. "பேரிங் இன்னும் வரலையா?" என்று மேனேஜர் கேட்டால் ஓடிப்போய் எடுத்துவந்தே பழகிய மனுஷன்.

"உங்க இடத்துல இன்னொருத்தர் உட்காரணும்னா அவருக்கு என்னென்ன தெரியணும்?" என்று கோச் கேட்டார்.

ஸ்டோர்காரர் வாரா வாரம் ஒப்பித்தார். கோச் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டார். கேன்டீன் எப்படி, லீவு எத்தனை நாள், மேனேஜருக்கு எப்படிப்பட்ட ஆளைப் பிடிக்கும் என்றுகூடத் துருவித் துருவிக் கேட்டார். கட்டின மனைவிகூட இவ்வளவு அக்கறையாக விசாரித்ததில்லை என்று அவளிடமே சொல்லி, வாங்கிக் கட்டிக்கொண்டார் ஸ்டோர்காரர்.

அதையெல்லாம் டப்பா மேலேயே எழுதி ஒட்டினால் என்ன ஆகும் என்றார் கோச் அடுத்த மாதம். ஸ்டோர்காரர் இரண்டாயிரம் டப்பாவிலும் சீட்டு ஒட்டினார். ஆனது இதுதான்: மெக்கானிக்குகள் தாங்களே வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். நாளெல்லாம் "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்ட ஜன்னலில் ஒரு தலையைக் காணோம்.

ஸ்டோர்காரர் கோச்சிடம் ஓடினார். கோச் நிதானமாக நோட்டைப் புரட்டிவிட்டு, நாலு நாள் ஆள் இல்லாவிட்டால்தான் அருமை தெரியுமோ என்று கேட்டார். ஸ்டோர்காரர் பத்து நாள் லீவு போட்டார். திரும்பி வந்தபோது வராந்தாவில் எதிர்ப்பட்ட மேனேஜர், "நீங்க லீவுலயா இருந்தீங்க?" என்றார். ஸ்டோர்காரர் அங்கிருந்தே மாடி அறைக்கு நடையைக் கட்டினார்.

"லீவைவிடப் பெரிய அடியா அவங்களுக்கு எதைக் கொடுக்கலாம்?" என்றார் கோச்.

ராஜினாமாதான். வேறென்ன?

"சும்மா மிரட்டத்தானே?" என்றாள் மனைவி.

"சும்மாதான். பதறிப்போய் சூப்பர்வைசர் ஆக்கிடுவார், பாரேன்."

மேனேஜர் பதறவில்லை. கடிதத்தை ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டு எழுந்து வந்து கையைக் குலுக்கினார். "உங்க இடத்துக்கு ஆள் இல்லையேன்னுதான் இத்தனை வருஷமா உங்களைப் பிடிச்சு வச்சிருந்தேன். இப்ப அந்தக் கவலை இல்ல" என்று கையெழுத்தைப் போட்டு, அன்று மாலையே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்.

ஸ்டோர்காரர் வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. மனைவி அழக்கூட இல்லை. அதுதான் அவரை உலுக்கிவிட்டது. காலில் விழுந்தாவது வேலையைத் திரும்ப வாங்கிவிடுவது என்று மறுநாள் காலை கம்பெனி வாசலுக்கு ஓடினார்.

வாட்ச்மேன் பரிதாபமாகப் பார்த்தார். புது ஸ்டோர் கீப்பர் எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டாராம். கண்ணை மூடிக்கொண்டே எந்த டப்பா எங்கே என்கிறாராம்.

"ஒரே நாள்லயா?" ஸ்டோர்காரர் கேட் வழியே எட்டிப் பார்த்தார். "யாருய்யா அவரு?"

"தடி நோட்டும் கையுமா, மாடி ரூமைக் காலி பண்ணிட்டு வந்திருக்கார் சார். விண்ணப்பத்துல 'பயிற்சி அளித்தவர்'னு போட்ட இடத்துல உங்க பேரைத்தான் எழுதியிருக்கார்."