லேசர் வெளிச்சத்தில் ஒரு கையெழுத்து

இனி தன் வீட்டில் ஒரு மூலைகூட மங்கலாக இருக்கக் கூடாது என்று ராசப்பன் முடிவு கட்டிவிட்டார். கணபதிப் பகுதியில் லாரி ஹெட்லைட் பட்டறை வைத்திருப்பவர் அவர். கூடத்தில் டியூப்லைட் போய் எல்.ஈ.டி வந்தது. அது ஒன்று நான்காயிற்று. அப்படியும் பேப்பரில் எழுத்துகள் எறும்பு மாதிரி ஊர்ந்தன. போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் என்று நினைத்து, அவர் வீட்டுக் கொடியில் காய்ந்த சட்டையிடம், "வாங்க கதிர்வேலு, சாப்புட்டீங்களா?" என்று விசாரித்துவிட்டு வந்தார்.

குற்றம் விளக்கில் இல்லை என்று அவருக்குத் தெரியும். கண் முகாமில் டாக்டர், "ரெண்டு கண்ணுலயும் புரை, ஆபரேஷன் பண்ணோணும்" என்று சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். கண்ணில் கத்தி என்றதுமே ராசப்பன் சீட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார். மனைவி பொற்கொடியிடம், "கண்ணு பளிங்காட்ட இருக்குதாம்" என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குச் சாப்பாட்டு மேசைக்கு மேலே புது விளக்கு ஏறியது.

"ஏனுங்க, பட்டப்பகல்ல என்னத்துக்குங்க லைட்டு?"

"இது லேசர் டயோடு, கண்ணு! உள்ள நீல லேசர் போயி மஞ்சப் பொடி தடவுன வில்லையில அடிக்கும். அங்கிருந்து வெள்ளை வெளிச்சமாக் கெளம்பும். ஒரு மைலுக்கு அந்தாண்ட நிக்கற மாட்டோட கொம்பைக் காட்டும்!"

"அந்த மாடு நம்முளுது இல்லீங்களே. சோத்துல கெடக்கற கல்லு தெரிஞ்சாப் போதாதுங்களா?"

சுவிட்சைத் தட்டினார். மேசை முழுக்கப் பாலைக் கொட்டியது போல வெளுத்தது. அந்த வெளுப்பைத் தவிர அவருக்கு வேறெதுவும் தெரியவில்லை.

"எப்படீங்க இருக்குது?"

"ஊசி கெடந்தாப் பொறுக்கலாம், கண்ணு!"

"என்னையக் கண்ணு கண்ணுங்கறீங்க. உங்க கண்ணையும் கொஞ்சம் கவனீங்க" என்றவள், ஒரு காகிதத்தை நீட்டினாள். "நல்லாப் படிச்சுப் பாத்துட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க."

ராசப்பன் காகிதத்தின் மேல் விரலை ஓட்டினார். உதட்டை அசைத்தார். இரண்டு தரம் தலையாட்டினார்.

"எல்லாம் சரியா எழுதியிருக்குதுங்களா?"

"அச்சரம் பெசகல" என்று கையெழுத்துப் போட்டார்.

பொற்கொடி காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "கண் ஆபரேஷனுக்கு நீங்க குடுத்த சம்மதமுங்க இது. தொவைக்கறப்ப உங்க சட்டைப்பையில சீட்டுக் கெடச்சுது. டாக்டரைப் பாத்து, தேதியும் போட்டு வாங்கியாந்துபோட்டேன்."

"படிக்காமப் போட்டது செல்லாது!"

"அப்பப் படிக்க முடியலீங்களா?"

  பொற்கொடி விளக்கை அணைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தாள். அவள் கையும் சில்லென்றிருந்தது.

"நீங்க வண்டியெடுத்துட்டுப் போனா, திரும்பி ஊட்டுக்கு வார வரைக்கும் எனக்கு உசுரே இல்லீங்க."

அவர் அவள் விரல்களைத் தன் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டார்.

"வலிக்குமா, கண்ணு?"

"வலிக்காதாமுங்க. கதவுகிட்டயே நிப்பேன், எங்கயும் போகமாட்டேன்."

"சரி. என்னைக்கு?"

"படிச்சுக் கையெழுத்துப் போட்டவரு நீங்க. நீங்களே சொல்லுங்க."